எண்ணெய் திரும்பிவரும் பாதை

“கம்ப்ரஸர் போயிடுச்சு சார், மாத்தணும்.” குளிர்அறை வைத்திருப்பவர் இதைக் கேட்டதும் விலையைத்தான் விசாரிப்பார். ஏன் போனது என்று கேட்பவர் அபூர்வம். புதிய கம்ப்ரஸர் வந்து இறங்கும், பழைய குழாயிலேயே பற்றவைப்பார்கள், கேஸ் ஏற்றுவார்கள், அறை குளிரும். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே பேச்சு மறுபடி வரும். மூன்றாவது முறை கம்ப்ரஸர் கம்பெனிக்கு வசவு விழும், கரண்ட்டுக்கும் விழும், மெக்கானிக்குக்கும் விழும். குழாயை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அது வெறும் செம்பு. சுற்றுவதில்லை, தேய்வதில்லை, சத்தம் போடுவதில்லை. முதல் நாள் எப்படி மாட்டினார்களோ அப்படியே சுவரோடு கிடக்கிறது.

ஆனால் அடுத்தடுத்து சாகும் கம்ப்ரஸர்களின் கதையைத் துருவினால், பெரும்பாலும் அந்தக் குழாயில்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். எவ்வளவு விட்டம், எந்தப் பக்கம் சரிவு, எங்கே வளைவு, எத்தனை மீட்டர் ஏற்றம் என்று குழாய் போட்டவர் எடுத்த முடிவுகளே கம்ப்ரஸரின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. சில சமயம் அவர் முடிவு எதுவும் எடுக்காமல் கையில் இருந்த குழாயைப் போட்டிருப்பார். அதுவும் ஒரு முடிவுதான்.

சுற்று நமக்குத் தெரிந்ததே. கம்ப்ரஸர் குளிர்பொருளின் ஆவியை அழுத்திச் சூடாக்கி அனுப்புகிறது. வெளியே இருக்கும் கண்டென்ஸரில் அது வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. குறுகலான ஒரு வழியில் நுழைந்து அழுத்தம் இழந்து, உள்ளே இருக்கும் எவாப்பரேட்டரில் கொதித்து அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. மறுபடி ஆவியாகிக் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. கம்ப்ரஸரிலிருந்து போகும் சூடான குழாய் டிஸ்சார்ஜ் லைன், திரவம் போவது லிக்விட் லைன், குளிர்ந்த ஆவி திரும்பி வருவது சக்ஷன் லைன். வீட்டு ஸ்பிளிட் ஏசியில் டிஸ்சார்ஜ் லைன் வெளிப்பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். நம் கண்ணில் படுவது சுவரில் ஓடும் இரண்டு குழாய்கள்தான், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. நம் ஊர் ஸ்பிளிட்டுகள் பலவற்றில் அந்தக் குறுகலான வழியும் வெளிப்பெட்டியிலேயே இருப்பதால் மெல்லிய குழாயிலும் குளிர்ந்த கலவைதான் ஓடுகிறது. அதனால்தான் இரண்டுக்கும் கறுப்பு நுரை உறை போடுகிறார்கள்.

இந்தச் சுற்று ஓடும் வேகத்தைப் பலர் ஊகித்திருக்க மாட்டார்கள். ஒன்றரை டன் ஏசி, ஆர்-32 நிரப்பியது. முழு வேகத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 21 கிராம் குளிர்பொருளைச் சுற்றவிடுகிறது. இயந்திரத்துக்குள் இருப்பதே ஒரு கிலோவுக்குப் பக்கத்தில்தான். அப்படியானால் மொத்தமும் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வந்துவிடுகிறது. மணிக்கு எழுபதுக்கு மேற்பட்ட சுற்று, எழுபத்தைந்து கிலோவுக்கும் கூடுதலான ஓட்டம்.

அதோடு சேர்ந்து இன்னொன்றும் ஓடுகிறது: எண்ணெய். கம்ப்ரஸருக்குள் உரசும் பாகங்களுக்காக ஊற்றிய எண்ணெயில் கொஞ்சம், அழுத்தப்பட்ட ஆவியோடு நுண்துளிகளாக வெளியேறுகிறது. எவ்வளவு கவனமாக வடிவமைத்தாலும் இதை முற்றிலும் தடுக்க முடியாது. ஓடும் குளிர்பொருளின் எடையில் நூற்றில் ஒரு பங்கு எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன ஏசியில் அது மணிக்கு முக்கால் கிலோ. கம்ப்ரஸரின் வயிற்றில் இருப்பது பொதுவாக அரை லிட்டருக்கும் குறைவு. கணக்கு புரிகிறதல்லவா? போகும் எண்ணெய் திரும்பி வராவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வயிறு காலி. ஆண்டுக்கணக்கில் கம்ப்ரஸர் ஓடுகிறது என்றால், போன எண்ணெய் அத்தனையும் ஒவ்வொரு மணி நேரமும் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கொண்டுவந்து சேர்க்கப் பம்ப் எதுவும் கிடையாது. சக்ஷன் குழாய்க்குள் வீசும் ஆவிக்காற்று தள்ளிக்கொண்டு வர வேண்டும், அவ்வளவே.

பழைய அம்மோனியா இயந்திரங்களில் இந்தத் தலைவலி வேறு மாதிரி இருந்தது. மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டி இருக்கும் ஐஸ் ஃபேக்டரிகளில் இன்றும் அம்மோனியாதான் ஓடுகிறது. அதோடு எண்ணெய் கலக்காது. திரவ அம்மோனியாவைவிட எண்ணெய் கனமானது என்பதால் கலன்களின் அடியில் தங்கிவிடும். அடிவால்வைத் திறந்து வடித்துவிடலாம். (அங்கே செம்புக் குழாயும் கிடையாது. அம்மோனியா செம்பை அரித்துவிடும் என்பதால் எல்லாம் இரும்பு.) 1930-இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர், தம் குழு உருவாக்கிய புதிய குளிர்பொருளை அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நச்சும் இல்லை, தீயும் பிடிக்காது என்பதற்கு அதுவே சாட்சி. ஓசோனுக்கு அது என்ன செய்யும் என்பது பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் வெளிப்பட்டது. குழாய் போடுபவர்களுக்கோ உடனடியாக வேறொரு விளைவு காத்திருந்தது. அந்தக் குடும்பத்துக் குளிர்பொருள்கள் எண்ணெயைத் தம்மில் கரைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுபவை. லிக்விட் லைனில் சிக்கல் இல்லை, கரைந்த எண்ணெய் திரவத்தோடு போய்விடும். எவாப்பரேட்டரில் குளிர்பொருள் கொதித்து ஆவியாகும்போது எண்ணெய் மட்டும் தனியாக நின்றுவிடுகிறது. அங்கிருந்து கம்ப்ரஸர் வரைக்கும் அது குழாய்ச்சுவரில் ஒட்டி, கெட்டியான படலமாக ஊர்ந்துதான் வர வேண்டும்.

கிடையாகப் போகும் குழாயில் இது கடினமில்லை. கம்ப்ரஸர் பக்கமாக 3 மீட்டருக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால் எண்ணெய் தானாகவும் கொஞ்சம் நகரும், ஆவியும் தள்ளும். கம்ப்ரஸர் மொட்டைமாடியிலும் அறை தரைத்தளத்திலும் இருந்தால்தான் சோதனை. அப்போது எண்ணெய் செங்குத்தாக ஏற வேண்டும்.

மழையில் ஓடும் காரின் முன்கண்ணாடியைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். மெதுவாகப் போகையில் துளிகள் கீழே வழியும். வேகம் ஒரு அளவைத் தாண்டினால் அதே துளிகள் கண்ணாடியில் மேல்நோக்கி ஏற ஆரம்பிக்கும். சக்ஷன் குழாயின் உட்சுவரிலும் அப்படி ஒரு எல்லை வேகம் இருக்கிறது. ஆவி அதற்குக் கீழே வீசினால் எண்ணெய்ப் படலம் வழிந்து அடியில் தேங்கும், மேலே வீசினால் ஏறும். 1976-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்த எல்லையை ஒரு சமன்பாடாக எழுதியது. பின்னாளில் குளிர்பதனக் கையேடுகளின் அட்டவணைகள் அதைத் தழுவியே வந்தன. சமன்பாட்டை இங்கே தர வேண்டியதில்லை, அது சொல்லும் இரண்டு செய்திகள் போதும்.

முதலாவது, தேவையான வேகம் ஆவியின் அடர்த்தியைப் பொறுத்தது. 25 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஆர்-22 ஆவி 5 டிகிரியில் வந்தால் நொடிக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போதும். அதே குழாயில் மைனஸ் 25 டிகிரி உறைஅறையிலிருந்து வந்தால் 3.7 மீட்டர் வேண்டும். குளிர் கூடக் கூட ஆவி மெலிகிறது, மெலிந்த காற்றுக்குத் தள்ளும் வலு குறைவு. எண்ணெயும் குளிரில் இறுகிக்கொள்கிறது. ஐஸ்கிரீம் அறைகளின் கம்ப்ரஸர்கள் காய்கறி அறைகளின் கம்ப்ரஸர்களைவிட அதிகம் தொல்லைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது செய்திதான் எனக்குப் பிடித்தது, பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வதும் அதுவே. குழாய் பெரிதாக ஆக, எண்ணெயை ஏற்றத் தேவையான வேகமும் கூடுகிறது, விட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. குழாயின் பரப்பும் பெரிதாகிவிட்டதால் அந்த வேகத்தை எட்டவே நிறைய ஆவி தேவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணெய் ஏற ஐந்தரை மடங்குக்கு மேல் குளிர்பொருள் ஓட வேண்டும். கம்ப்ரஸர் அதே கம்ப்ரஸர்தான். அது எங்கே போகும் ஐந்தரை மடங்குக்கு? “எதுக்கும் ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாம்” என்பது தண்ணீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் நல்ல புத்தி. சக்ஷன் குழாய்க்கு அது எமன்.

அப்படியானால் ஒல்லியாகவே போட்டுவிடலாமே? அங்கே இன்னொரு கணக்கு மறிக்கிறது. குழாய்க்குள் உரசி ஆவி இழக்கும் அழுத்தம், ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் படிக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறுகிறது. விட்டம் பாதியானால் இழப்பு முப்பத்திரண்டு மடங்கு. இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட வேண்டியது கம்ப்ரஸர். மெலிந்த ஆவியை இழுப்பதால் ஒவ்வொரு வீச்சிலும் கிடைக்கும் சரக்கும் குறைவு. பொறியாளர்கள் இந்த இழப்பை வெப்பநிலைக் கணக்காக மாற்றிச் சொல்வார்கள். சக்ஷன் குழாயில் ஒரு டிகிரிக்குச் சமமான அழுத்தம் போனால், ஆர்-22 இயந்திரத்தில் குளிர்விக்கும் திறன் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும், அதே குளிருக்கு மின்சாரம் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும். நல்ல வடிவமைப்பில் இந்த இழப்பை ஒரு டிகிரி அளவில் நிறுத்துவதுதான் வழக்கம். டிஸ்சார்ஜ் லைனில் அதே ஒரு டிகிரி போனால் திறன் ஒரு விழுக்காடு அளவுகூடக் குறையாது. ஆகவே காசு செலவழித்து யோசிக்க வேண்டிய குழாய் சக்ஷன் குழாய்தான்.

ஆக ஒரு பக்கம் மின்கட்டணம் குழாயைப் பெரிதாக்கச் சொல்கிறது, மறுபக்கம் எண்ணெய் சிறிதாக்கச் சொல்கிறது. இயந்திரம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடினால் நடுவில் ஒரு விட்டத்தைப் பிடித்துவிடலாம். நிஜத்தில் அப்படி ஓடுவதில்லை. கல்யாண மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள், மாலையில் சாப்பாட்டுக்கூடம் கழுவும் பத்துப் பேர் இருப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 கிலோவாட், அதாவது பத்து டன் இயந்திரம், ஆர்-22. இரண்டு கம்ப்ரஸர்கள், ஒவ்வொன்றும் பாதித் திறனுக்கு இறங்கக்கூடியது. ஆகக் குறைந்தபட்சம் கால்பங்கு வரை இறங்கலாம். மேலேறும் குழாய் ஒன்றேஐந்தெட்டு இன்ச், உள்விட்டம் ஏறக்குறைய 38 மி.மீ. முழு ஓட்டத்தில் ஆவி நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகும், அருமை. கால்பங்கு ஓட்டத்தில் 2 மீட்டர்தான். அந்தக் குழாயில் எண்ணெய் ஏற 2.7 மீட்டர் வேண்டும். மாலை முழுவதும் எண்ணெய் ஏறாமல் கீழே சேர்ந்துகொண்டே இருக்கும். குழாயைக் குறைத்தால் முகூர்த்த நேரத்தில் இழப்பு எகிறும்.

இதற்குப் பழைய குழாய் வல்லுநர்கள் கண்ட விடை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத ஒரு வால்வு. ஒரு குழாய்க்குப் பதில் இரண்டை ஏற்றுகிறார்கள், ஒன்றேகால்அரைக்கால் இன்ச் ஒன்றும் ஒன்றேஅரைக்கால் இன்ச் ஒன்றும். எவாப்பரேட்டரிலிருந்து வரும் குழாய் முதலில் ஒல்லிக் குழாயின் அடியைத் தொடும். அதைத் தாண்டிக் கீழே இறங்கி, ‘ப’ எழுத்தைப் போன்ற ஒரு சிறு வளைவு போட்டு, தடித்த குழாயாக ஏறும். முழு ஓட்டத்தில் ஆவி இரண்டிலும் பிரிந்து நொடிக்கு 7 மீட்டர் அளவில் பாய்கிறது, எண்ணெய் இரண்டிலும் ஏறுகிறது. ஓட்டம் கால்பங்காகக் குறைந்ததும் வேகம் விழுகிறது, எண்ணெய் வழிந்து அந்தச் சிறு வளைவில் சேர்கிறது. கொஞ்ச நேரத்தில் வளைவு எண்ணெயால் நிறைந்து தடித்த குழாயின் வாய் அடைபடுகிறது. இப்போது ஆவிக்கு ஒரே வழி ஒல்லிக் குழாய். அதில் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், எண்ணெய் ஏறத் தேவையான 2.2-ஐப் போல இரண்டு மடங்கு. எண்ணெய் நிம்மதியாக மேலே போகிறது. மறுபடி முழு ஓட்டம் வந்ததும் அழுத்த வேறுபாடு கூடி, வளைவில் நிற்கும் எண்ணெயைத் தூக்கி எறிந்து தடித்த குழாயைத் திறந்துவிடுகிறது.

இரட்டை ரைசர் என்பார்கள் இதை. வேலை செய்வதும் சொதப்புவதும் சின்ன விஷயங்களில் இருக்கிறது. அடிவளைவு எவ்வளவு சிறிதாக முடியுமோ அவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும். கைக்கு எட்டிய எல்போக்களை வைத்து நீளமாகச் செய்துவிட்டால் அது லிட்டர் கணக்கில் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திறக்கும்போது அத்தனையும் ஒரே கட்டியாகக் கம்ப்ரஸரில் போய் விழும். மேலே இரண்டு குழாயும் பிரதான குழாயோடு பக்கவாட்டில் சேரக் கூடாது. மேலே எழும்பி வளைந்து, மேற்புறமாகவே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் ஒல்லிக் குழாய் கஷ்டப்பட்டு ஏற்றிய எண்ணெய் சும்மா இருக்கும் தடித்த குழாய் வழியாக மறுபடி கீழே வடிந்துவிடும்.

சாதாரண ஒற்றைக் குழாய்க்கும் ஏற்றத்தின் அடியில் பி-டிராப் எனும் சிறு வளைவு போடும் வழக்கம் இருக்கிறது. உயரம் கூடினால் ஆறு மீட்டருக்கு ஒன்று என்று நடுவிலும் போடுவார்கள். இதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. டிராப் எண்ணெயைத் தூக்காது. தூக்குவது ஆவியின் வேகம் மட்டுமே. இயந்திரம் நிற்கும்போது வழியும் எண்ணெயை ஆங்காங்கே நிறுத்திவைத்து, மறுபடி ஓடும்போது ஏறுவதை எளிதாக்குவதுதான் டிராப்பின் பங்கு. வேகம் போதாத குழாயில் எத்தனை டிராப் போட்டாலும் அத்தனை எண்ணெய்க் குட்டைகள் கிடைக்கும். ஸ்பிளிட் ஏசி மாட்டும்போது மிஞ்சும் செம்புக் குழாயை வெட்ட மனமில்லாமல் வெளிப்பெட்டிக்குப் பின்னால் வளையம் வளையமாகச் சுற்றிச் சுவரோடு நிறுத்திக் கட்டிவிடுவதை எந்த அடுக்ககத்திலும் பார்க்கலாம். அந்த வளையங்கள் ஒவ்வொன்றின் அடிப்பாதியும் வேண்டாத டிராப்தான். சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வளையத்தைப் படுக்கவைக்க வேண்டும். வெட்டிவிடுவது இன்னும் மேல்.

இதுவரை எண்ணெய் வராத கதை. வரக் கூடாதது வந்து சேரும் கதையும் இருக்கிறது. சக்ஷன் குழாய் வழியாகத் திரவக் குளிர்பொருள் வந்தால் கம்ப்ரஸரின் கதி என்ன? பிஸ்டன் கம்ப்ரஸர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1,450 சுற்று, அதாவது நொடிக்கு 24 முறை பிஸ்டன் உச்சிக்குப் போய்த் தலைப்பகுதியை மயிரிழையில் விட்டுத் திரும்புகிறது. ஆவி இருந்தால் நசுங்கும். திரவம் நசுங்காது. தோல்வி யாருக்கு என்பது உலோகத்தின் வலுவைப் பொறுத்தது. முதலில் போவது மெல்லிய எஃகுத் தகடான ரீட் வால்வு, பிறகு கனெக்டிங் ராடு. இப்படிச் செத்த கம்ப்ரஸரைப் பிரித்தால் பிஸ்டன் தலையில் உடைந்த தகட்டின் துண்டுகள் குத்திய தழும்புகள் வரிசையாகத் தெரியும். ஸ்க்ரோல் வகைகள் கொஞ்சம் திரவத்தைத் தாங்கும். அதை வைத்துக்கொண்டு திரவம் வந்தால் பரவாயில்லை என்று சொல்லிவிட முடியாது. உடைக்காத திரவம்கூட எண்ணெயை நீர்க்கச் செய்து பேரிங்கை அரிக்கும்.

திரவம் ஓடும்போது மட்டும் வருவதில்லை. இயந்திரம் நின்றிருக்கும் இரவில் அது ஓசையில்லாமல் வரும். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய்க்குக் குளிர்பொருள் ஆவியைக் கரைத்துக்கொள்ளும் குணம் உண்டு. வெப்பநிலை இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால்கூட ஆவி எண்ணெயைத் தேடிப் போகும். மாடியில் மழையில் நனைந்து குளிர்ந்து நிற்கும் கம்ப்ரஸர், கீழே மூடிய அறையில் வெதுவெதுப்பான எவாப்பரேட்டர் என்றால் இன்னும் வேகமாகப் போகும். காலையில் ஸ்விட்ச் போட்டதும் உள்ளே அழுத்தம் சட்டென்று விழுகிறது, கரைந்திருந்த குளிர்பொருள் எண்ணெய்க்குள்ளிருந்தே கொதித்து எழுகிறது. எண்ணெய் பார்க்கும் கண்ணாடியில் வெறும் நுரை. பேரிங்குக்கு எண்ணெய் போக வேண்டிய பாதையில் நுரை போகிறது. மிச்சம் சக்ஷன் வால்வைத் தேடி ஏறுகிறது.

தடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. கம்ப்ரஸரின் அடிவயிற்றில் சுற்றிய ஒரு சிறு ஹீட்டர் எண்ணெயை எப்போதும் மற்ற இடங்களைவிடச் சூடாக வைத்திருக்கும். (“சீசன் இல்லையே, மெயினை அணைச்சிடலாம், கரண்ட் மிச்சம்” என்று அணைப்பவர்கள் இந்த ஹீட்டரையும் சேர்த்து அணைக்கிறார்கள். பிறகு சித்திரையில் நேராக ஸ்விட்ச் போடுவார்கள். மெயினை முந்தைய நாளே போட்டு ஹீட்டருக்கு நேரம் கொடுக்க வேண்டும்.) இரண்டாவது, பம்ப்-டவுன். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரை நேரடியாக நிறுத்தாமல் லிக்விட் லைனில் இருக்கும் சொலினாய்டு வால்வை மூடுகிறார்கள். கம்ப்ரஸர் எவாப்பரேட்டரிலும் சக்ஷன் குழாயிலும் இருப்பதையெல்லாம் இழுத்துக் கண்டென்ஸர் பக்கம் தள்ளிவிட்டு, அழுத்தம் விழுந்ததும் தானே நிற்கும். இரவில் வருவதற்கு அங்கே எதுவும் மிச்சமிருக்காது. மூன்றாவது, அக்யூமுலேட்டர். வீட்டு ஸ்பிளிட்டின் வெளிப்பெட்டியைத் திறந்தால் ரோட்டரி கம்ப்ரஸரின் தோளில் தொற்றிக்கொண்டு ஒரு சிறிய குப்பி தெரியும், அதுதான். வரும் திரவம் குப்பியின் அடியில் விழுகிறது, ஆவி மட்டும் உயரத்தில் வாய் திறந்த உட்குழாய் வழியாக உள்ளே போகிறது. அப்படியானால் எண்ணெயும் குப்பியில் மாட்டிக்கொள்ளுமே? அதற்காக அந்த உட்குழாயின் அடியருகே ஒரு பொட்டுத் துளை இருக்கிறது. எண்ணெயும் திரவமும் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக, தாங்கும் அளவில் உள்ளே போகின்றன.

குழாயின் பாதையும் இதே கவலையோடு வரைய வேண்டியது. கம்ப்ரஸர் எவாப்பரேட்டரைவிடத் தாழ்வாக இருந்தால், சக்ஷன் குழாய் நேராக இறங்கக் கூடாது. எவாப்பரேட்டரின் தலைக்கு மேலே ஒருமுறை எழும்பிவிட்டு இறங்க வேண்டும், நிற்கும்போது திரவம் புவியீர்ப்பில் வழிந்து போகாதபடி. பம்ப்-டவுன் இருந்தால் இந்த எழுப்பம் தேவையில்லை. குளிர்பொருள் அழுத்தம் இழக்கும் அந்தக் குறுகலான வழியான எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு வெப்பநிலை சொல்லும் பல்பை சக்ஷன் குழாயில் கட்டும்போது, ஒல்லிக் குழாயானால் உச்சியில் கட்டலாம். தடித்ததானால் கடிகாரத்தின் 4 மணி அல்லது 8 மணி நிலையில் கட்ட வேண்டும். எந்தக் குழாயானாலும் அடியில் கட்டக் கூடாது. அங்கே எண்ணெய் ஓடுகிறது, பல்பு எண்ணெயின் வெப்பத்தை ஆவியின் வெப்பம் என்று நம்பித் தவறாகத் திறக்கும்.

திரவம் வேண்டாம் என்பதற்காக ஆவி மிகச் சூடாக வந்தாலும் ஆபத்துதான். பல கம்ப்ரஸர்களில் மோட்டாரைக் குளிர்விப்பதே உள்ளே வரும் குளிர்ந்த ஆவி. மொட்டைமாடி வெயிலில் கிடக்கும் சக்ஷன் குழாயின் நுரை உறை இரண்டு கோடையில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், பாக்கியை அணில் கவனித்துக்கொள்ளும். வெறும் செம்பு வெயிலைக் குடித்து ஆவியைச் சூடாக்குகிறது. அது கம்ப்ரஸரைவிட்டு வெளியேறும்போது அதற்கேற்ப இன்னும் சூடு. பிஸ்டன் கம்ப்ரஸர்களில் டிஸ்சார்ஜ் குழாயை ஒரு சாண் தள்ளி அளந்தால் 107 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது பழைய வரம்பு. வால்வுக்கு அருகே உள்ளே அதைவிட அதிகம் இருக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் கருகும். உறைக்கு மேல் ஒரு அலுமினியத் தகடு போட்டால் தீர்ந்துபோகும் விஷயம்.

லிக்விட் லைனைப் பற்றி ஒன்றே ஒன்று. திரவம் மேலே ஏறினால் ஏற்றத்தின் எடையே அழுத்தத்தைத் தின்னும். ஆர்-22 பத்து மீட்டர் ஏறினால் ஒரு பாருக்குச் சற்று மேல் போய்விடும். அதைத் தாங்கத் திரவம் தன் கொதிநிலைக்குக் கீழே குறைந்தது மூன்று டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே குமிழி விட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பாதி ஆவியாகப் போய்ச் சேரும்.

பற்றவைப்பிலும் ஒரு வினை ஒளிந்திருக்கிறது. செம்பைச் சிவக்கக் காய்ச்சிப் பிரேசிங் செய்யும்போது உள்ளே காற்று இருந்தால் உட்சுவரில் கறுப்பு ஆக்சைடு செதில் படியும். வெளியே தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாம், உள்ளே யார் தேய்ப்பது? இன்றைய எஸ்டர் எண்ணெய்கள் அந்தச் செதிலை நன்றாகவே உரித்தெடுத்து வடிகட்டியிலும் வால்விலும் கொண்டுபோய் அடைக்கும். குழாய்க்குள் மெல்லிய நைட்ரஜன் ஓட்டம் விட்டுக்கொண்டே பற்றவைத்தால் உட்புறம் புதுச்செம்பாகவே இருக்கும். அதே எண்ணெய்கள் காற்றில் உள்ள ஈரத்தையும் ஆவலாக இழுப்பவை. வாக்குவம் சரியாகப் போடாமல் ஈரம் தங்கினால் அமிலம் உண்டாகும். அமிலம் குழாயின் செம்பைத் துளித்துளியாகக் கரைத்து எண்ணெயோடு அனுப்பும். அந்தச் செம்பு போய்ப் படிவது சூடான எஃகுப் பரப்பில், அதாவது பேரிங்கில். இப்படிப்பட்ட கம்ப்ரஸரைப் பிரிக்கும்போது தண்டு வெண்ணிறமாக இருக்க வேண்டிய இடத்தில் ரோஜாநிறச் செம்புப் பூச்சு மின்னும். இடைவெளி அடைத்துத் தண்டு இறுகி நின்றுவிட்டிருக்கும். குழாயே நகர்ந்து வந்து கம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டது என்றால் மிகையில்லை.

இன்வெர்ட்டர் வந்த பிறகு எண்ணெய்க் கணக்கு மறுபடி புதிதாகிவிட்டது. நாம் தொடக்கத்தில் பார்த்த ஒன்றரை டன் ஏசிக்கு அரை இன்ச் சக்ஷன் குழாய் போட்டால் முழு வேகத்தில் ஆவி நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் ஓடும். எண்ணெய் ஏறத் தேவை ஒன்றரை மீட்டர். நள்ளிரவில் அறை குளிர்ந்து, கம்ப்ரஸர் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கி ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு சைஸ் பெரிய குழாய் போட்டிருந்தால் எல்லைக்குக் கீழே போய்விடும். பெரிய கட்டடங்களில் ஒரே வெளிப்பெட்டியிலிருந்து பல மாடிகளுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் குழாய் ஓடும் வி.ஆர்.எஃப். முறையில் இது இன்னும் கடுமை. அதனால் அந்த இயந்திரங்கள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கேட்காமலேயே, சில நிமிடங்கள் கம்ப்ரஸரை வேகமாக ஓட்டி, குழாயில் தேங்கிய எண்ணெயைக் கூட்டிப் பெருக்கித் திரும்பக் கொண்டுவருகின்றன. குளிர் தேவைப்படாத நேரத்தில் திடீரென்று உறுமி அடங்கினால் பழுது என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் இந்த வேலையாகத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்று அந்த மென்பொருளுக்குச் சொல்லித் தந்தவர், கையேட்டில் அச்சிட்ட நீளத்தையும் விட்டத்தையும் மனத்தில் வைத்துத்தான் சொல்லித் தந்தார். தளத்தில் இருபது மீட்டர் கூடுதலாகச் சுற்றிப் போனதோ, கடையில் அரை இன்ச் இல்லையென்று ஐந்தெட்டு வாங்கிவந்ததோ அதற்குத் தெரியாது. நீளம் கூடியதற்காகக் குழாயைப் பெரிதாக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கிடையாக ஓடும் பகுதியை மட்டும் பெரிதாக்கி, மேலேறும் பகுதியைப் பழைய அளவிலேயே விடுவதுதான் அனுபவமுள்ள குழாய்க்காரர் செய்வது. இரண்டு ரெடியூசருக்கான செலவு ஒரு கம்ப்ரஸரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.